மானிட்டரிலிருந்து தொடங்குவோம்

புதிதாக ஒரு கேமிங் கணினியை அசெம்பிள் செய்ய நினைப்பவர் முதலில் கேட்பது, "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு விடை சொல்லும் முன் இன்னொன்று தெரிய வேண்டும். எந்த மானிட்டரில் விளையாடப் போகிறீர்கள்? நடுத்தர விலைக் கணினியில் மற்ற பாகங்களின் கணக்கு இந்த விடையிலிருந்துதான் தொடங்குகிறது.

திரையில் ஓடும் விளையாட்டு என்பது வேகமாக மாறும் அசையாப் படங்களின் வரிசை. அப்படி ஒரு படத்துக்கு ஃபிரேம் என்று பெயர். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடிக்குள் முடிக்க வேண்டும். 144 ஃபிரேம் வேண்டுமென்றால் 7 மில்லி விநாடிகூடக் கிடைக்காது.

அந்த நேரத்துக்குள் இரண்டு பாகங்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு பட்டதா, கண்ணில் படும் பொருள்கள் எவை என்பதையெல்லாம் கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றின் பட்டியலைத் தயாரிப்பது பிராசசர். அந்தப் பட்டியலை வாங்கி, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கொடுப்பது கிராபிக்ஸ் கார்டு.

1080பி மானிட்டரில் 1920க்கு 1080 என்ற கணக்கில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1440பி மானிட்டரில் சுமார் 36.9 லட்சம். 1080பியிலிருந்து 1440பிக்கு மாறும்போது கார்டின் வேலை பெருமளவு கூடுகிறது. பிராசசரின் பட்டியலோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஏனென்றால் எதிரிகளின் எண்ணிக்கை மாறவில்லை. மாறாக, அதே 1080பி திரையில் 60 ஃபிரேமிலிருந்து 144க்குப் போக விரும்பினால், பட்டியலையும் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகத் தயாரிக்க வேண்டும். அப்போது பிராசசரும் வலுவாக இருக்க வேண்டும்.

கையில் ஏற்கெனவே கணினி இருப்பவர் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விளையாட்டின் அமைப்புகளில் ரெசல்யூஷனைக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால், தாமதத்துக்குக் காரணம் கார்டு. உயராமல் அங்கேயே நின்றால் பெரும்பாலும் பிராசசர்தான். புதிய கார்டுக்குப் பணம் கட்டுமுன் செய்ய வேண்டிய சோதனை இது.

கார்டுக்குள் அதற்கென்றே தனி நினைவகம் உண்டு. அதை வி-ராம் என்பார்கள். சுவர், மண், துணி போன்றவற்றின் மேற்பரப்புப் படங்கள் அங்கேதான் தங்குகின்றன. அது நிரம்பிவிட்டால், தேவையான படத்தைக் கணினியின் பொது ராமிலிருந்து மதர்போர்டு வழியாக இழுத்து வர வேண்டும். அந்த வழி வி-ராமைவிடப் பல மடங்கு மெதுவானது. விளையாட்டு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு நொடி திக்குவதற்கு இது ஒரு காரணம். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டு, ஒரே சிப்புடன் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளில் விற்பனைக்கு வந்தது. பல விளையாட்டுகளில் இரண்டின் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. மேற்பரப்புப் படங்களை உயர்ந்த தரத்தில் வைக்கும் கனமான விளையாட்டுகளில்தான் வேறுபாடு தெரிகிறது. எனவே சராசரியோடு, மிக மெதுவான ஃபிரேம்களைக் காட்டும் "1 சதவீத லோ" என்ற எண்ணையும் பாருங்கள்.

பிராசசரில் இந்த விலைப் பிரிவுக்கு 6 கோர் (கணக்கிடும் அலகு), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை) கொண்டவை பொதுவாகப் போதும். ரைசன் 5 5600, ரைசன் 5 7600, இன்டெல் ஐ5 12400எஃப் எல்லாம் அந்த வகை. இன்டெல் பெயரின் கடைசியில் வரும் 'எஃப்', அதற்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை என்பதைக் குறிக்கிறது. கார்டு பழுதானால் திரையில் எதுவும் தெரியாது.

பிராசசர் அமரும் சாக்கெட்டும் முக்கியம். ரைசன் பிராசசர்களைத் தயாரிக்கும் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017இல் மதர்போர்டு வாங்கிய பலர், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை, பயாஸை (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளை) மட்டும் புதுப்பித்து அதே போர்டில் பொருத்த முடிந்தது. 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) கொண்ட அந்த பிராசசர் விளையாட்டுகளில் பெரிய முன்னேற்றம் தந்தது. அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். அதனால் தொடக்கச் செலவு கூடும். பின்னால் மாற்றிக்கொள்ளும் வழி திறந்திருக்கும்.

ராமை இரண்டு குச்சிகளாக வாங்குங்கள். 16 ஜிபி ஒரே குச்சியைவிட இரண்டு 8 ஜிபி நல்லது, இரு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவு போகும். பெட்டியில் அச்சிட்ட வேகம் தானாக வராது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். அதேபோல, 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டரும் விண்டோஸில் 60லேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அதையும் பார்த்து மாற்றுங்கள்.

எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி, பலர் மிச்சம் பிடிக்கும் இடம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் மின்தேவை 115 வாட், ரைசன் 5 7600க்குக் குறிப்பிடப்படுவது 65 வாட். ஆகவே தரமான 550 வாட் போதும். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். மின்னழுத்தம் எகிறினாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். கணினிக்குள் இருக்கும் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் போவது இந்தப் பெட்டியிலிருந்துதான்.

கேபினெட்டில் விளக்கைவிடக் காற்று முக்கியம். சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே எந்த விசிறியாலும் குளிர்விக்க முடியாது. சென்னையின் மே மாத அறை 36 டிகிரியில் இருந்தால், அறையைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடாகும் கார்டு 76இல் நிற்கும். முகப்பு கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கும் கேபினெட் நம் ஊருக்குப் பொருந்தும்.

இவ்வளவையும் வைத்து என் கருத்தைச் சொல்வதானால், 1080பி மானிட்டரில் விளையாடுபவர் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் கார்டுக்கு ஒதுக்கலாம். அதற்கு மேல் கார்டுக்காக எஸ்எம்பிஎஸ்ஸையும் மதர்போர்டையும் மலிவாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சில ஆண்டுகளில் மாற்றப்படப் போவது கார்டுதான். அந்தப் புதிய கார்டும் இதே போர்டில், இதே எஸ்எம்பிஎஸ்ஸில்தான் இணையும்.