பச்சையை நம்பாதீர்கள்

தில்லியிலும் புனேயிலும் மொட்டைமாடியில் ஜூனிபர் போன்சாய் வளர்ப்பவர்கள் பலர் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். மே மாத விடுமுறையில் நேரம் கிடைத்தது. மரத்தைப் புதுப் பீங்கான் தொட்டிக்கு மாற்றினார்கள். ஜூன் முழுவதும் பச்சை குறையவில்லை. ஜூலையில் திடீரெனப் பழுப்பேறியது. பழி மழையின் மேல் விழுந்தது. ஆனால் வேர்கள் மே மாதத்திலேயே செத்துவிட்டன.

ஊசியிலை மரங்களின் சுபாவம் அது. வேர் வாடினால் செம்பருத்தி அன்றே இலையைத் தொங்கவிடும். ஜூனிபரின் செதில் இலையோ மெழுகு பூசியது. ஈரத்தை எளிதில் விடாது. வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். தவறு தெரியவரும்போது திருத்த வழியிருக்காது.

குளிர்கால ஓய்வு முடிந்து நுனிமொட்டு பருக்கும் நாட்களே தொட்டி மாற்றச் சரியான சமயம். ஜப்பானில் அது மார்ச்சையொட்டி வரும். வட இந்தியச் சமவெளியில் பிப்ரவரிக்குள் முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறுவதற்குள் புதுவேர் பிடிக்க வேண்டுமே! இது ஆண்டுதோறும் செய்கிற வேலையும் அல்ல. இளம் மரத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். வயதான பைன் ஐந்தாண்டுகூடப் பொறுக்கும். ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றால், தொட்டியை வேர் நிரப்பிவிட்டது என்று பொருள்.

பைன் வேரை மண் போக அலசிக் கழுவுவதுதான் பெரும்பிழை. ஆலும் அத்தியும் அதைத் தாங்கும், பைன் தாங்காது. அதன் வேரோடு வெள்ளை நூல் போல ஒரு பூஞ்சை ஒட்டி வாழ்கிறது. நீரும் சத்தும் உறிஞ்ச வேருக்குத் துணை அதுதான். நோய் என்று நினைத்து அதைச் சுரண்டி எடுப்பவர்களும் உண்டு! இம்முறை பாதி மண், அடுத்த முறை மறுபாதி என்பது அனுபவஸ்தர்கள் கணக்கு. மூங்கில் குச்சியால் சிக்கெடுத்து, நீண்ட வேர்களை மட்டும் குறைத்து, பருமணல் கூடுதலாகக் கலந்த மண்ணில் வைத்து, மரத்தைத் தொட்டியோடு கம்பியால் கட்டிவிட வேண்டும். மரம் ஆடினால் புதுவேர் அறுந்துபோகும். பிறகு சில வாரங்களுக்குக் காற்றடிக்காத நிழல். புதுத் தளிர் வரும்வரை உரம் கூடாது.

அதே ஆண்டில் கிளையிலும் கத்தரி வைக்கக் கை துறுதுறுக்கும். கரும்பைனின் வசந்தகாலத் தளிரைக் கோடைத் தொடக்கத்தில் வெட்டினால், குட்டை ஊசிகளோடு இரண்டாம் தளிர் வரும் என்பது உண்மையே. ஆனால் அது தெம்புள்ள மரத்துக்கு. வேர் வெட்டிய ஆண்டில் வேண்டாம். வெண்பைனுக்கு இந்த வெட்டு எந்த ஆண்டிலும் ஆகாது.

பொறுமையாக வளர்த்தால் எவ்வளவு காலம் வாழும்? வாஷிங்டனிலுள்ள அமெரிக்க தேசியத் தாவரத் தோட்டத்தில் இருக்கும் ஒரு வெண்பைன் 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்படுவது. 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி, யமாகி குடும்பத் தோட்டத்தின் சுவர் மறைவில் தப்பியது. 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. பேரன்கள் 2001-ல் அதைப் பார்க்க வந்தபோதுதான் இந்தக் கதை அங்குள்ளவர்களுக்கே தெரிந்தது.

சென்னை, மும்பைவாசிகள் வெண்பைனுக்கு ஆசைப்படுவது வீண். அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். சவுக்கை முயலலாம். பார்க்கப் பைன் போலிருந்தாலும் அது பூக்கும் தாவரம், ஊசியிலை இனமே அல்ல. கடலோர வெயிலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம்.