நாற்காலியை விட்டு இறங்குவது

திருவள்ளூர் மாவட்டம் திருத்தணியில் 1888-ம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1962-ம் ஆண்டு மே 13-ந் தேதி இந்தியாவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனார்.

5 ஆண்டுகள் பதவி வகித்தார். 1967-ம் ஆண்டு அதே மே 13-ந் தேதி ஜாகிர் உசேனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். சென்னை மயிலாப்பூரில் தம் வீட்டுக்குத் திரும்பினார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டைப் பாருங்கள்.

அந்த நாடு 1957-ல் விடுதலை பெற்றது. விடுதலைக்குப் பாடுபட்ட நிக்ருமா 1960-ல் முதல் ஜனாதிபதி ஆனார். அங்கே ஆட்சி நடத்துகிறவரும் ஜனாதிபதிதான். 1964-ல், நாட்டுக்கு ஒரே கட்சி போதும் என்று அவர் சட்டம் கொண்டு வந்தார். ஓட்டுப் போட்டு அவரை மாற்ற மக்களுக்கு வழி இல்லாமல் போயிற்று.

1966 பிப்ரவரியில் அவர் வெளிநாடு சென்றிருந்தார். அப்போது ராணுவமும் போலீசும் ஆட்சியைப் பிடித்துக்கொண்டன. அவர் உயிருடன் தாய்நாடு திரும்பவே இல்லை.

அதன் பிறகும் பல முறை துப்பாக்கியே தலைவரை மாற்றியது. 2001-ல்தான், தேர்தலில் வென்ற எதிர்க்கட்சித் தலைவர் குபுவோரிடம் ஜனாதிபதி ராலிங்ஸ் அமைதியாகப் பதவியை ஒப்படைத்தார்.

நம் ஜனாதிபதிக்கு மக்கள் நேராக ஓட்டுப் போடுவதில்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். அவர்களை அனுப்புகிறவர்கள் யார்? கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் தொழிலாளியும், திருத்தணியில் வயல் உழும் விவசாயியும்தான்.

தலைவரை ஏற்றுவது ஓட்டு. இறக்குவதும் ஓட்டு. அது இல்லாத இடத்தில் துப்பாக்கி வந்து நிற்கும். அந்த ஓட்டைக் காசுக்கு விற்கலாமா?