அரிதெண்டு சொல்லித் தலையில கட்டுற மட்டைகள்

பழசெண்டால் விலை ஏறும் எண்ட நினைப்பு எங்கட சனத்திட்ட ஆழமா ஊறிக் கிடக்கு. நகையும் காணியும் தந்த பழக்கம். அதை வைச்சுத்தான் இஞ்ச ரொறொன்ரோவில சிலர் 1990ஆம் ஆண்டுப் பேஸ்போல் காட் பெட்டிகளை எங்கட ஆக்களுக்கு விக்கினம். எங்கட குசினியில கோப்பை கழுவுற தம்பி, அகதி வழக்கே இன்னும் முடியாத பெடியன், 400 டொலர் குடுக்க நிண்டவர். பத்து வருசத்தில பத்து மடங்காகுமாம்!

காட் எண்டால் விளையாட்டுக்காரரின்ர படம் போட்ட சின்ன மட்டை. முந்தி சுவிங்கத்தோட வந்தது. விக்கிறவை உடன எடுத்துக் காட்டுறது மிக்கி மன்ரிலின்ர 1952 ரொப்ஸ் காட். 2022இல 1 கோடியே 26 லட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது, உண்மைதான். ஆனால் அது ஏன் அந்த விலை எண்டு சொல்லமாட்டினம். அந்தக் காலத்துப் பிள்ளையள் காட்டைச் சைக்கிள் கம்பியில செருகி ஓடினதுகள், தாய்மார் குப்பையில போட்டினம். விக்காமல் கிடந்ததை ரொப்ஸ் கம்பனியே 1960இல கடலில கொட்டினது. மிஞ்சினது கொஞ்சம்.

80களில இந்த விலையளைக் கண்ட சனம் காட்டுகளை வாங்கி பிளாஸ்ரிக் உறையில பூட்டி வைக்கத் தொடங்கிச்சு. ரொப்ஸோட 1981இல ஃபிளீர், டொன்றஸ், 1988இல ஸ்கோர், 1989இல அப்பர் டெக் எண்டு வரிசையா வந்து அச்சடிச்சுத் தள்ளிச்சினம். ஒருத்தரும் எறியேல்ல, எல்லாம் அப்பிடியே இருக்கு. பிறகென்ன அரிது? அமெரிக்கனே அந்தக் காலத்துச் சரக்குக்கு 'ஜங்க் வக்ஸ்' எண்டுதான் பேர் வைச்சிருக்கிறான்; மெழுகுத்தாளில சுத்தின குப்பை.

1988 ரொப்ஸில 792 காட். முழுத் தொகுதியும் இண்டைக்கு ஒரு சாப்பாட்டுப் பார்சல் காசுக்கு எடுக்கலாம். அப்ப தனிக் காட் ஒண்டின்ர பெறுமதியைக் கணக்குப் பாருங்கோ.

விதிவிலக்கு இருக்கு. பேர் அச்சாகாமல் வந்த 1990 ரொப்ஸ் ஃபிராங்க் தோமஸ் காட் உண்மையிலேயே விலை போகும். அதைச் சொல்லிச் சொல்லியே, மை கொஞ்சம் கசிஞ்ச காட்டையெல்லாம் 'பிழைக் காட்' எண்டு ஈபேயில ஆயிரம் டொலர் போடுகினம். போடுறதுக்கென்ன, நான் என்ர பழஞ் சப்பாத்துக்கும் போடலாம்! வித்து முடிஞ்ச விலையைத் தேடிப் பாருங்கோ, உண்மை தெரியும். தரம் பார்க்க அனுப்புங்கோ எண்டும் சொல்லுவினம். சாதாரண காட்டுக்கு அந்தக் கட்டணமே காட்டின்ர விலையைவிடப் பல மடங்கு.

பத்து மடங்காகும் சாமானை, ஒரு மணித்தியாலச் சம்பளத்தை எண்ணி வாழுற பெடியனிட்ட இவ்வளவு அவசரமா ஏன் விக்கிறீங்கள்?

ஆசைக்கு வாங்கிறது வேற கதை. 1993இல ஜோ கார்ட்டர் அடிச்ச அடியில புளூ ஜேய்ஸ் வெண்டதை ரிவியில பார்த்தவர் அவரின்ர காட்டை வைச்சிருக்க விரும்பினால் தாராளமா வாங்கட்டும். சில்லறைக் காசுக்கே கிடைக்கும்.