கோப்பி விரியனுக்கு மருந்து எங்கே?

உலகிலேயே கொடிய பாம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவுஸ்திரேலியா என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அந்நாட்டின் வறண்ட உள்நிலத்தில் வாழும் ஒருவகைத் தைப்பான் பாம்பின் விஷமே, தரையில் ஊரும் பாம்புகளில் மிக வலியது என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் அந்தப் பாம்பு ஒரு மனிதரைக் கொன்றதாகப் பதிவு இல்லை. அவுஸ்திரேலியாவின் பாம்புகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மூன்று பேரின் உயிரைத்தான் எடுக்கின்றன.

அந்நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 27 மில்லியன். நம் இலங்கையினுடையது 22 மில்லியன். களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு 2016இல் வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஒரே ஆண்டில் பாம்புக்கடிக்கு ஆளானவர்கள் 80,000க்கும் மேல். விஷம் ஏறியவர்கள் 30,000க்கும் மேல். இறந்தவர்கள் 464 பேர்.

இந்த இடைவெளிக்குப் பாம்பின் பல்லில் காரணம் தேடிப் பயனில்லை. கடிபட்டவரின் காலில் செருப்பு இருந்ததா, அவரை ஏற்றிச்செல்ல வாகனம் கிடைத்ததா, போய்ச் சேர்ந்த வைத்தியசாலையில் அந்தப் பாம்புக்குரிய மருந்து இருந்ததா என்பவைதான் சாவையும் பிழைப்பையும் தீர்மானிக்கின்றன. இவை மூன்றும் அரசும் முதலாளிகளும் விரும்பினால் மாற்றக்கூடியவை. கண்டியிலிருந்து இதைச் சொல்ல நமக்குத் தனிக் காரணம் உண்டு.

கண்டியைச் சுற்றிய மலைகளில் அதிகம் கடிப்பது நாகமோ கண்ணாடி விரியனோ அல்ல. ஒரு முழத்துக்கு மேல் நீளாத, காய்ந்த இலையின் நிறத்தில் சுருண்டு கிடக்கும், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த கோப்பி விரியன். இலங்கையின் பாம்புக்கடிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இனத்தின் கணக்கில் சேர்கிறது. தேயிலைச் செடியின் அடியில், இலைகுப்பை நிறைந்த கானில், மிளகும் கராம்பும் காய்க்கும் வீட்டுத்தோட்டத்தில், மாலை மங்கும் வேளையில் இது காலைத் தீண்டும். பெரும்பாலானோருக்கு வீக்கம், வலி, கொப்புளத்தோடு போய்விடும். சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். தப்பியவர்களிலும் சிலர் வாழ்நாள் முழுதும் சிறுநீரக நோயாளிகளாகிறார்கள். மலையில் கொழுந்து பறித்துப் பிழைக்கும் ஒரு தாய்க்கு அதன் பொருள் என்ன என்பது லயத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

இந்த விஷத்துக்கு நம் வைத்தியசாலைகளில் முறிவு மருந்து கிடையாது. இரத்த நீர்மத்தை ஏற்றுவது, சிறுநீரகம் நின்றால் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது, காத்திருப்பது, இவ்வளவுதான் வைத்தியர்களால் முடிகிறது. நாட்டில் அதிகம் கடிக்கும் பாம்புக்கே மருந்து இல்லை என்ற நிலையைப் பல பத்தாண்டுகளாக நாம் இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இருக்கிற மருந்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கோளாறு விளங்கும். இலங்கை பயன்படுத்தி வந்திருப்பது இந்தியாவில் செய்யப்படும் கூட்டு எதிர்விஷம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது. அந்த விஷத்தின் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்த இருளர்களின் கைத்திறன் இந்தியாவையும் இலங்கையையும் காத்திருக்கிறது. அவர்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நாமும் மகிழ்ந்திருக்க வேண்டும். நம் வன்னியிலும் அனுராதபுரத்திலும் உயிர் பிழைத்த எத்தனையோ விவசாயிகளின் உடம்பில் அவர்கள் கறந்த விஷத்தின் பயன் ஓடியிருக்கிறது.

ஆனால் அது தமிழ்நாட்டுப் பாம்பின் விஷம். ஒரே இனமானாலும் நிலத்துக்கு நிலம் விஷம் வேறுபடும். இந்தியாவுக்குள்ளேயே வடக்கின் பாம்புக்குத் தெற்கின் மருந்து போதிய பலன் தருவதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கடல் கடந்த நமக்கு அந்தக் கவலை இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

கோப்பி விரியனோ அந்த நான்கில் இல்லவே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது வாழ்கிறது. கேரளத்தில் அது கடித்தவர்களைச் சுருட்டை விரியன் கடித்தவர்கள் என்று கருதி எதிர்விஷம் ஏற்றியும் பயன் இல்லாமல் போனதை அங்குள்ள மருத்துவர்கள் 2007இல் பதிவு செய்தார்கள். பயன் இல்லை என்பதோடு அது முடிவதில்லை. குதிரையின் புரதம் மனித உடம்பில் ஏறும்போது ஒவ்வாமை பொங்கக்கூடும். இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட பரிசோதனையில் நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோ ஒரு அளவில் ஒவ்வாமை ஏற்பட்டது. பலருக்கு அது கடுமையாக இருந்தது. தேவையில்லாத ஒருவருக்குத் தேவையில்லாத மருந்தை ஏற்றுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

அப்படியானால் நமக்குரிய மருந்தை நாமே செய்ய முடியாதா? முடியும் என்பதற்கான பாதி வேலை பேராதனையில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் கொஸ்டாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்தோடு சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் விஷத்தையே கொண்டு, கோப்பி விரியனின் விஷத்தையும் சேர்த்து, ஒரு புதிய எதிர்விஷத்தை உருவாக்கியது. ஆய்வுகூடச் சோதனைகளில் அது நல்ல பலன் தந்ததாக 2016இல் அறிவித்தார்கள். கட்டுவிரியன் முதல் குளவி வரை இந்நாட்டு விஷங்களைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியர் சேனாநாயக்க குலரத்னவும் இந்தப் பல்கலைக்கழகத்தவரே. அறிவு இங்கே இருக்கிறது, பாம்பு இங்கே இருக்கிறது, கடிபடும் மக்களும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆய்வுகூடத்துக்கும் வைத்தியசாலை வார்டுக்கும் இடையில் உள்ள வேலைக்குத்தான் பணமும் அரசின் மனமும் வேண்டும்.

சிறிய நாடு, சிறிய சந்தை, இறக்குமதி செய்வதே மலிவு என்று நிதி அமைச்சின் பக்கமிருந்து பதில் வரும். கொஸ்டாரிக்காவின் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்து மில்லியன், நம்மில் நான்கில் ஒரு பங்கு. அங்குள்ள பிக்காடோ நிறுவனம் தனியார் மருந்துக் கம்பனி அல்ல, 1970இல் தொடங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கீழ் இயங்குவது. தம் நாட்டுக்குச் செய்து முடித்து, ஆபிரிக்காவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் செய்து கொடுக்கிறார்கள். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் புட்டன்டான் நிறுவனம் 1901 முதல் இதைச் செய்துவருகிறது. அவுஸ்திரேலியாவில் புலிப்பாம்புக்கு எதிர்விஷம் 1930இலேயே வந்துவிட்டது. 1950இல் கெவின் படன் என்ற இளைஞர் ஆய்வுக்காகத் தைப்பான் ஒன்றை உயிரோடு பிடித்து, அது கடித்து இறந்தார். அதற்கான மருந்து 1955இல் தயாரானது. சிட்னியின் கொடிய சிலந்திக்கு 1981இல் மருந்து வந்த பிறகு அதன் கடியால் அந்நாட்டில் எவரும் இறக்கவில்லை. இவற்றைச் செய்தது அப்போது அரசுக்குச் சொந்தமாக இருந்த ஆய்வுகூடம். சிலந்தி கடித்து ஆண்டுக்கு எத்தனை பேர் சாகிறார்கள், அதில் என்ன இலாபம் என்று அவர்கள் கணக்குப் பார்த்திருந்தால் அந்த மருந்து இன்றும் வந்திராது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் சாவுகளைப் பாதியாக்குவது இலக்கு. உலகில் ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறப்பவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் புறக்கணிப்பின் காரணம் புரியும். வயலில் நிற்பவர்கள், தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள், வெறுங்காலோடு மலை ஏறுபவர்கள். தலைநகரங்களில் முடிவெடுக்கும் வகுப்பைப் பாம்பு கடிப்பதில்லை.

தோட்டங்களுக்கு வருவோம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட நாள் முதல் இந்த மலைகளில் உழைத்தவர்களின் உடம்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி தீரவில்லை. கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை, புசல்லாவைப் பக்கங்களில் தோட்டங்களின் பல பகுதிகள் காடாகிக் கிடக்கின்றன. அரசின் கையில் உள்ள ஜனவசம போன்ற அமைப்புகளின் தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். கவ்வாத்து காலத்தில் நடக்கவில்லை, கான் வெட்டவில்லை, புல் இடுப்பளவு நிற்கிறது. அதற்குள் இறங்கிக் கொழுந்து எடுத்து நிறை காட்டாவிட்டால் அன்றைய பெயர் அரைப்பெயர், அதாவது அரைநாள் சம்பளம். காலில் பூட்ஸ் இல்லை, இடுப்பில் கட்டிய படங்கு மட்டும்தான் கவசம்.

பாம்பைவிடத் தோட்டத்தார் அதிகம் அஞ்சுவது குளவிக்கு. தேயிலைச் செடிக்குள்ளோ நிழல்மரத்திலோ கட்டிய கூடு கலைந்தால் ஒரு நிரையில் நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் கொட்டுப்படுகிறார்கள். குளவிக் கொட்டில் தொழிலாளர் மரணம் என்ற செய்தி மலையகத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, அதைப் படிப்பதும் நமக்குப் பழகிவிட்டது. குளவி விஷத்துக்கு முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது. ஒவ்வாமையால் மூச்சு அடைத்து இரத்த அழுத்தம் விழும்போது, சில நிமிடங்களுக்குள் தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைப் பிடித்து நிறுத்தும். மலிவான, உலகெங்கும் கிடைக்கிற, நூறாண்டு பழைய மருந்து. நாம் மேலே சொன்ன 2011ஆம் ஆண்டுப் பரிசோதனையில், எதிர்விஷம் ஏற்றுவதற்கு முன் சிறு அளவில் கொடுத்தபோது கடுமையான ஒவ்வாமையைக் குறைத்ததும் இதே அட்ரினலின்தான். ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் இது இருக்க வேண்டும், அதைப் போடப் பயிற்சி பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுதும் இருக்க வேண்டும். கொழுந்து லொறி வரும்வரை கொட்டுப்பட்ட பெண் காத்துக் கிடப்பதை எந்த நிர்வாகமும் நியாயப்படுத்த முடியாது. 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வருகிறது, அது பெரிய உதவி. ஆனால் ஹந்தானையின் மேட்டுக்கோ நக்கிள்ஸ் அடிவாரத்துத் தோட்டத்துக்கோ அது ஏறிவரும் வரையிலான நேரத்துக்குத் தோட்டமே பொறுப்பு.

பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்வது தீர்வாகாது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டைச் சுற்றி அடிபட்டுச் சாவதில் பல விஷமற்ற சாரைப்பாம்புகள். அவை தின்பது எலியை. எலிக்காய்ச்சல் 2008இல் இந்நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி ஏறக்குறைய 200 பேரைக் கொன்றது, கண்டியும் மாத்தளையும் கேகாலையும் அப்போது பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். கடிபட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் விஷக்கல் வைப்பதும் காலத்தை வீணாக்கும், காலையே இழக்கவும் வைக்கும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி, பாம்பைத் துரத்தாமல் எட்ட நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போவதே சரி.

அரசிடமும் கம்பனிகளிடமும் நாம் கேட்பது சலுகை அல்ல. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. கம்பனிகள் 1992 முதல் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. காணியின் சொந்தக்காரன் என்ற முறையில் அரசு குத்தகை நிபந்தனையாகவே பூட்ஸ், கையுறை, புல் வெட்டு, குளவிக்கூடு அகற்றல், அட்ரினலின், அவசர வாகனம் ஆகியவற்றை விதிக்கலாம். தன் கையில் உள்ள தோட்டங்களில் முதலில் செய்து காட்ட வேண்டும். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலேயே இயற்றப்பட்டது. மலையில் வேலை செய்யும்போது பட்ட பாம்புக்கடியும் குளவிக் கொட்டும் அந்தச் சட்டத்தின் கீழ் வேலைத்தல விபத்துகளே என்று தொழில் திணைக்களம் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்து, தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு வழக்கையும் விடாமல் நடத்த வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இது ஒருபோதும் முதல் பக்கத்தில் இருந்ததில்லை, இனி இருக்க வேண்டும்.

சுகாதார அமைச்சும் உயர்கல்வி அமைச்சும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே பேராதனையின் எதிர்விஷப் பணிக்கெனத் தனி நிதி ஒதுக்கி, மருத்துவப் பரிசோதனைக்கும் உள்நாட்டு உற்பத்திக்கும் நாள் குறிக்க வேண்டும். மலையகத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்த ஒதுக்கீட்டைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அது இல்லாத வரவுசெலவுத் திட்டத்துக்கு அவர்கள் கை உயர்த்தக் கூடாது.