பூட்டு யாருக்காக?



மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் பெரும்பாலும் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். முதலில் வீடு கட்டியவர் யாராவது மிச்ச ரப்பீஸைக் கொண்டுவந்து கொட்டுவார். அடுத்து சீமைக்கருவேலம். அப்புறம் கிழிந்த மெத்தை ஒன்று வந்து சேரும். “அந்த இடத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து தோட்டம் போட்டால் நிலைக்குமா?” என்று கேட்பவர்கள் நம் வாசகர்களில் உண்டு. போடுவது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேர், நாலு மண்வெட்டி, எல்லாருக்கும் டீ. நிலைப்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேட நியூயார்க் வரை போய்வரலாம்.

1970களில் அந்த நகரம் கடனில் மூழ்கிக் கிடந்தது. வரி கட்ட முடியாத வீட்டுக்காரர்கள் கட்டடங்களைக் கைவிட்டார்கள். சில எரிந்தன, சில இடிக்கப்பட்டன. மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதி முழுக்கக் குப்பை மேடுகள். அங்கே வாழ்ந்த ஓவியர் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் 1973இல் ‘கிரீன் கெரில்லாஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பலூனிலும் பழைய கிறிஸ்துமஸ் குமிழ்களிலும் விதையையும் உரத்தையும் அடைத்து, வேலி போட்ட காலி மனைகளுக்குள் வீசினார்கள். பிறகு ஹூஸ்டன் தெருவும் பவரியும் சந்திக்கும் முனையில் ஒரு மனையைத் துப்புரவாக்கினார்கள். இடிபாட்டு மண்ணில் நேராக எதுவும் வராது என்பதால் வேறு மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்திகள் கட்டினார்கள். அறுபது பாத்திகளில் காய்கறி போட்டார்கள். 1974இல் மாநகராட்சி அந்த இடத்தை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. கிறிஸ்டி 1985இல் காலமானார். தோட்டம் அவர் பெயரில் இன்றும் இருக்கிறது.

விதைக்குண்டு வீசிய கதை கேட்க ஜோராக இருக்கும். பத்திரிகைகளுக்குப் பிடித்ததும் அதுதான். எனக்கு என்னவோ அந்த ஒரு டாலர் வாடகைதான் பெரிதாகத் தெரிகிறது. கையில் ஒரு தாள் இருந்தது. நம் ஊரிலும் மண்வெட்டியைத் தூக்கும் முன் ஊராட்சியிலோ நகராட்சியிலோ மனு கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். “பேசிட்டேன், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்ற வார்த்தையை நம்பிப் பந்தல் போடாதீர்கள்.

நியூயார்க்கில் தாள் இருந்தும் ஆபத்து வந்தது. இருபது ஆண்டுகளில் இப்படிப்பட்ட தோட்டங்கள் நகரெங்கும் பெருகியிருந்தன, மனை விலையும் ஏறிவிட்டது. 1999இல் மேயர் ஜூலியானி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடப் புறப்பட்டார். அக்கம்பக்கத்து மக்கள் தெருவில் இறங்கினார்கள், வழக்குப் போட்டார்கள், சூரியகாந்திப் பூ வேடம் கட்டி வந்தார்கள். ஏலத்துக்குச் சற்று முன்னால், பொது நிலங்களைக் காக்கும் அறக்கட்டளை ஒன்றும் நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை மீட்டன. 2002இல் மாநகராட்சியோடு ஏற்பட்ட உடன்பாடு மேலும் நூற்றுக்கணக்கான தோட்டங்களைக் காப்பாற்றியது.

கத்தரிக்காய் பயிரிட்டவர்கள் மட்டும் திரண்டிருந்தால் இவ்வளவு பலம் வந்திருக்காது. அந்தத் தோட்டங்களுக்கு மண்ணில் கை வைக்காதவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறியவர்கள் தங்கள் தோட்டங்களில் ‘காசித்தா’ என்று சின்னதாக ஒரு மரக்குடில் கட்டினார்கள். கிழவர்கள் டோமினோ ஆடுவார்கள், யாராவது பாடுவார்கள், அடுப்பு எரியும். அவர்களுக்கும் அது தங்கள் இடம்.

மாநகராட்சி 1978இல் தொடங்கிய ‘கிரீன் தம்ப்’ திட்டத்தின் கீழ் இப்போது 550க்கும் மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. அதில் சேர விதிகள் உண்டு. குறைந்தது பத்து உறுப்பினர் வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்கு 20 மணி நேரமாவது பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவைக்க வேண்டும். கெட்டிக்காரத்தனமான விதி என்பேன். 20 மணி நேரம் திறந்திருக்க வேண்டுமென்றால் முறை வைத்து ஆள் வர வேண்டும். முறை வைத்தால் சாவி நாலைந்து பேரிடம் போகும்.

இங்கே நடப்பது வேறு. ஓய்வுபெற்ற ஒரு சார் இருப்பார். ஆர்வசாலி. விதை அவர் வாங்குவார், தண்ணீர் அவர் விடுவார், திருட்டுப் போகிறதென்று பூட்டும் அவரே போடுவார். மகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா போவார். சாவியும் பீரோவுக்குள் போகும். திரும்பி வரும்போது பாத்தியில் கோரைப்புல் நிற்கும். அந்த சாரைக் குறை சொல்ல மாட்டேன். தெருவே அவர் தலையில் கட்டிவிட்டு நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தது.

ஆகவே தொடங்குகிறவர்கள் முதல் செலவாக உட்கார ஒரு திண்ணையும் அதற்கு மேல் நிழலும் போடுங்கள் என்பேன். பால் வாங்கப் போகிறவர் ஐந்து நிமிடம் உட்காருவார். வெண்டைக்காய் முற்றுவதை அவர்தான் முதலில் பார்ப்பார். தொடக்கத்தில் கீரை போடுங்கள். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். உற்சாகம் வடியும் முன்பு கையில் ஒரு கட்டு கிடைத்துவிட வேண்டும். காய்கறிப் பாத்தியை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். பொதுப் பாத்தியில் காய்த்த சுரைக்காய் தெருவை இரண்டாக்கும். கறிவேப்பிலை மட்டும் பொதுவில், வாசலருகே இருக்கட்டும். போகிற போக்கில் ஒரு கொத்து ஒடிக்கிறவர் வேலிக்கு வெளியே நிற்கும் ஆளாக இருக்க மாட்டார். முருங்கையை யாராவது ஆசைப்பட்டு நடச் சொல்வார்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி பக்கத்து வீட்டுச் சுவரேறும்போது அவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். அதை ஒரு மூலையில் தள்ளி வையுங்கள்.

தண்ணீர்தான் சித்திரை வெயிலில் எல்லாரையும் சோதிக்கும். மோட்டார் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி, மாதச் சந்தாவில் சேர்த்துவிடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரைத் தாராளமாக விடலாம். ஆர்.ஓ. கழிவுநீரை நாள்தோறும் விட்டால் மண்ணில் உப்பு ஏறிவிடும், கவனம்.

ஏற்கெனவே இப்படித் தோட்டம் நடத்துகிறவர்கள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். முறை எப்படி வைத்திருக்கிறீர்கள், பறிப்பதை எப்படிப் பகிர்கிறீர்கள், சண்டை வந்தபோது யார் தீர்த்துவைத்தார்கள் என்ற விவரம் வேண்டும். பூப்படங்கள் ஏராளமாக வருகின்றன. உங்கள் முறைப்பட்டியல் ஒட்டிய பலகையைப் படமெடுத்து அனுப்பினால் அதையே முதலில் போடுகிறோம். ஆடிப்பட்டத்துக்குள் வந்துவிட்டால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கைகொடுக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்