நிலத்தடி நீரும் ஸ்தலப் பரிசோதனையும்

நிலத்தடி நீரின் குணத்தை அறிய, அதை ஒரு சீசாவில் பிடித்து நகரத்துப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பினால் போதும், கிணற்றடியிலேயே செய்யும் சோதனைகளெல்லாம் காலவிரயம் என்னும் அபிப்பிராயம் படித்தவர்களிடையேயும் வேரூன்றியிருக்கிறது. வங்கதேசத்துக் குழாய்க்கிணறுகளில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்து லட்சோபலட்சம் ஜனங்களை வாட்டிய வரலாற்றை அறிந்தவர் இதை ஒப்பமாட்டார்.

முதலாவதாக, சீசாவிலுள்ள நீரும் கிணற்று நீரும் ஒன்றே என்கிறார்கள். பிராணவாயு எட்டாத ஆழத்தில் இரும்பும் ஆர்சனிக்கும் நீரில் கரைந்தே கிடக்கின்றன; அந்நீர் மேலே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகத் திரிந்து, ஆர்சனிக்கையும் பற்றிக்கொண்டு அடியில் படிந்துவிடுவதால், சில நாள் கழித்துத் தெளிந்த நீரை மட்டும் அளப்பவருக்கு விஷம் குறைவாகவே தோன்றும். ஆகவேதான், பிடித்த இடத்திலேயே வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்து, பி.எச். அளவை 2க்குக் கீழே இறக்கிவைக்க வேண்டுமென்பது விதியாயிற்று. பி.எச்., வெப்பநிலை, கரைந்த பிராணவாயு ஆகியவற்றுக்கோ அந்த உபாயமும் இல்லை. கரியமில வாயு வெளியேறிய மாத்திரத்தில் பி.எச். உயர்ந்துவிடுமாதலால், அவற்றை அங்கேயே அளந்தாக வேண்டும்.

இரண்டாவதாக, பம்பை அடித்ததும் விழும் நீரே போதும் என்கிறார்கள். அது குழாயில் தேங்கிக் கிடந்த நீரேயன்றி, பூமிக்குள் ஓடும் ஊற்றன்று. வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன் மூன்றும் மாறாது நிலைபெறும் வரை இறைத்துவிட்ட பின்பே மாதிரி எடுக்க வேண்டும். அவை நிலைபெற்றனவா என்பதைக் கிணற்றடியில் வைத்த கருவியே சொல்ல இயலும்.

மூன்றாவதாக, கையடக்கச் சோதனைப்பெட்டி துல்லியமற்றது என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆர்சனிக்கை ஆர்சின் வாயுவாக்கி, மெர்குரிக் புரோமைடு தோய்த்த காகிதத்தில் அது ஏற்றும் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் முறையாதலால், வங்கதேசம் வகுத்த வரம்பாகிய லிட்டருக்கு 50 மைக்ரோகிராமை ஒட்டிய நீரில் தவறு நேரக்கூடும். ஆயினும், ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாகவும் அண்டை வீட்டுக் கிணறு நன்னீராகவும் இருக்கக்கூடிய அத்தேசத்தில், ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிப்பதன்றி வேறு வழியில்லை. 2000ஆம் ஆண்டையொட்டிய சில வருஷங்களில் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க்கிணறுகளைச் சோதித்து, வரம்பு மீறியவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசியது இச்சிறு பெட்டிகளின் துணையால்தான். அத்தனை சீசாக்களையும் எந்தப் பரிசோதனைச்சாலை ஏற்றிருக்கும்? ஐயத்துக்குரியவற்றை மறுபடி அளந்து பிழை திருத்துவதே அதற்கு உரிய பணி.

ஆதலால், நீர் ஆய்வறிக்கையைக் கையில் வாங்குவோர், மாதிரி எவ்விதம் எடுக்கப்பட்டது, அங்கேயே அளந்த எண்கள் யாவை என்று முதலில் கேட்பார்களாக. அவ்விவரங்கள் இல்லாத அறிக்கையை நம்பி, எந்தக் கிணற்றையும் குடிப்பதற்கு உகந்ததென்று விதிக்கலாகாது.