டவர் சாய்ந்த பிறகு ஆப் எதற்கு?

ஐப்பசி பிறந்தால் போதும், எங்கள் பகுதியில் ஆளாளுக்குப் போனை நீட்டுகிறார்கள். "சார், மேகதூத் பாத்தீங்களா? ஆரஞ்சு காட்டுதாம்" என்று வாட்ஸ்அப்பில் படம் வந்து விழுகிறது. மின்னலுக்கு தாமினி, எச்சரிக்கைக்கு டிஎன் அலர்ட். எல்லாம் அரசு தந்தவை, காசும் கிடையாது. நானும் வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். நடவு வயலில் நிற்கும் பெண்களை நேரத்தோடு வெளியே வரச் சொல்ல தாமினி நல்ல துணை. சுற்றிலும் 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் காட்டிவிடுகிறது.

ஆனால் ஆப்பை இறக்கி வைத்ததே புயலுக்குத் தயாரானது மாதிரி ஒரு நினைப்பு வளர்கிறது. அதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

2018 கஜாவை நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கையில் குறையே இல்லை. நவம்பர் 11-ஆம் தேதியே புயலுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கரையைக் கடந்தது 16-ஆம் தேதி அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. இடையில் முழுசாக நான்கு நாள் கையில் இருந்தது. தென்னையில் இளநீர்க் குலையையும் பழுத்த மட்டையையும் இறக்கித் தலைப்பாரத்தைக் குறைக்க, வாழைக்கு முட்டுக் கொடுக்க, விதைநெல்லைப் பரணில் ஏற்ற, மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைக்க அந்த நான்கு நாள் போதும். அந்தக் காற்றுக்கு எல்லா மரமும் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். செய்ய நேரம் இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

அதன்பிறகு நடந்ததுதான் முக்கியம். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போன் டவர் மட்டும் காற்றிலா ஓடும்? அதன் பேட்டரியும் டீசலும் தீர்ந்ததும் அதுவும் படுத்துவிட்டது. ஜெனரேட்டர் இருந்த வீட்டில் சார்ஜ் போடக் கூட்டம் நின்றது. சார்ஜ் ஏற்றி என்ன, சிக்னல் இல்லையே! நம்பர் எல்லாம் போனுக்குள்ளே இருக்கிறது. வீட்டம்மா நம்பரே பலருக்கு மனப்பாடம் கிடையாது.

இன்னொன்று. மேகதூத் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் புதுப்பிக்கிறது. அடுத்த ஐந்து நாள் மழை, காற்றைச் சொல்கிறது. ஆனால் அது சொல்வது மாவட்டத்துக்கு, மிஞ்சினால் வட்டாரத்துக்கு. நம் வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடப்பது அதற்கு எப்படித் தெரியும்? அதை நாம்தான் நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கிப் பார்க்க வேண்டும்.

வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயிர்க் காப்பீட்டில் மகசூல் இழப்பை வருவாய்க் கிராமம் கிராமமாக அவர்களே கணக்கெடுப்பார்கள், அது வேறு. அரிந்து வயலில் காயப்போட்ட பயிருக்குத் தனி விதி. 14 நாள் வரை அதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் புயல் மழையில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் விவசாயிதான் தெரிவிக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயர ரகங்களைக் கையால் அரிந்து போடுகிற நம்மவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். உங்கள் மாவட்ட அறிவிக்கையில் இந்தப் பிரிவு இருக்கிறதா என்று வேளாண் அலுவலகத்தில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஆப்ல போட்டோ எடுத்து ஏத்துனா முடிஞ்சுது சார்" என்கிறார்கள் இளைஞர்கள். முடிந்தது, டவர் நின்றால்! கஜா மாதிரி ஒன்று வந்தால் 72 மணி நேரமும் சிக்னலைத் தேடியே கழிந்துவிடும். 14447 என்ற உதவி எண்ணுக்கும் போன்தானே வேண்டும்?

இன்னொரு வழியும் விதியில் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கடன் வாங்கிய வங்கியிலோ வேளாண் அலுவலகத்திலோ நேரில் எழுதிக் கொடுக்கலாம். பெயர், சர்வே எண், பயிர், காப்பீட்டு விண்ணப்ப எண், கணக்கு எண் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு தாளில் இரண்டு பிரதியாக எழுதுங்கள். சேதமான தேதிக்கு மட்டும் இடம் விட்டு, பிரீமியம் ரசீது நகலோடு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வையுங்கள். கொடுக்கும்போது உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். "அப்புறம் வாங்க" என்பார்கள். நகராதீர்கள். முத்திரை இல்லாத கடிதத்தைக் கொடுத்ததற்கு நாளைக்குச் சாட்சி கிடையாது. போட்டோவும் எடுங்கள், சிக்னல் வரும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

விதியும் மாற வேண்டும். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்த கிராமத்துக்கு, அவை திரும்பிய பிறகுதான் 72 மணி நேரம் தொடங்க வேண்டும். கரண்ட் எப்போது வந்தது என்பது மின்வாரியப் பதிவிலேயே இருக்கும், சான்றுக்குப் பஞ்சமில்லை. எங்கள் குழு சார்பில் வரும் மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் இதை மனுவாகக் கொடுக்கிறோம். மற்ற மாவட்ட நண்பர்களும் அவரவர் கூட்டத்தில் கொடுங்கள்.